நாலு நாளில் ஐந்து நாள் வேலை: கந்தோர்த் தலைவர் சம்மதித்தால் போதுமா?

யாழ் மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்யும் உத்தியோகத்தர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வெள்ளிக்கிழமை வேலையை மற்ற நாலு நாளுக்கும் பிரித்துப் போட்டுவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை காலை ஏழரைக்கு வந்து மாலை ஐந்து மணி தாண்டிப் போனால் என்ன? ஊழியர் எல்லாரும் சம்மதித்து ஒரு கடிதத்தில் ஒப்பமும் வைத்துவிட்டார்கள், மேலதிகாரிக்கும் மறுப்பில்லை. வாரத்துக்கான மணித்தியாலம் ஒன்றும் குறையவில்லை, ஆகவே சட்டப்படி பிழை இல்லைத்தானே என்கிறார். தனியார் நிதி நிறுவனத்தில் இருக்கும் தன் கணவருக்கும் இப்படிச் செய்யலாமா என்று கடைசியில் ஒரு உபகேள்வி.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: இன்றைய நிலையில் உங்கள் கந்தோர் தன்பாட்டில் இதைச் செய்ய முடியாது. எல்லாரும் ஒப்பம் வைத்தாலும் முடியாது. ஆனால் இப்படி ஒரு ஏற்பாட்டை இலங்கைச் சட்டம் தடைசெய்திருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மேலிடம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம். இந்த இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டால்தான் எங்கே போய்த் தட்டவேண்டும் என்பது தெரியும்.

அரச உத்தியோகத்தரின் வேலை நேரத்தை நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மணித்தியாலக் கணக்கில் நிர்ணயிக்கவில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் தனியாருக்கு. நமக்கு இருப்பது அரச ஊழியரின் சேவை நிபந்தனைகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையும் அதன்மேல் காலத்துக்குக் காலம் வரும் அரச நிருவாகச் சுற்றறிக்கைகளும்தான். காலை 8.30 முதல் மாலை 4.15 வரை என்பது அந்த வழியில் வந்தது. அதற்குப் பின்னால் அரசியலமைப்பின் 55ஆம் உறுப்புரை நிற்கிறது. அரச உத்தியோகத்தர் பற்றிய கொள்கை விடயங்களைத் தீர்மானிப்பது அமைச்சரவை. நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கையில். வாரத்தில் எத்தனை நாள் கந்தோர் திறந்திருக்கும் என்பது கொள்கை விடயம், அதில் சந்தேகமே வேண்டாம். பிரதேச செயலாளருக்கோ அரசாங்க அதிபருக்கோ அந்த அதிகாரம் இல்லை. உங்கள் மேலதிகாரி நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் தன்னிடம் இல்லாத அதிகாரத்தை அவர் உங்களுக்குத் தர முடியாது.

ஒப்பம் வைத்த கடிதம் பற்றியும் ஒரு சொல். அரச சேவை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்கும் ஒப்பந்தம் மாதிரி இயங்குவதில்லை. உங்கள் சேவை நிபந்தனைகள் மேலிருந்து வருபவை. ஐம்பது பேர் சம்மதித்து ஒரு நிபந்தனையை மாற்ற முடியாது. நாளைக்கு விசாரணை ஒன்று வந்தால், இத்தனை பேர் தெரிந்தே செய்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சியாகிவிடும்.

நாட்டில் முன்னுதாரணம் இல்லையா என்று கேட்டால், மூன்றைச் சொல்லலாம். மூன்றும் மேலிருந்துதான் வந்தன. பழையது 1966இல் வந்தது. 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் ஞாயிறு போய், நிலவின் நாலு பிறையும் வார விடுமுறை ஆயின. போயா எனப்படும் அந்தப் பிறை நாளுக்கு முதல் நாள் அரை நாள். வாரத்தின் நீளமே ஒன்று போல் இருக்கவில்லை, வெளிநாட்டுக் கப்பல்காரரும் வங்கிக்காரரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பக் கொண்டுவந்தது. வயதானவர்கள் இப்போதும் அந்தப் ‘போயா கிழமை’க் கதையைச் சொல்வார்கள்.

இரண்டாவது 2017இல், கொழும்புக்கு அருகே உள்ள பத்தரமுல்லையில். போக்குவரத்து நெரிசலைக் குறைக்க அங்குள்ள அரச கந்தோர்களில் நெகிழ்வு நேரத்தைப் பரீட்சித்தார்கள். காலை 7.15க்கும் 9.15க்கும் இடையில் வரலாம், வந்த நேரத்துக்கு ஏற்ப பின்னேரம் 3 மணியிலிருந்து 5 மணிக்குள் போகலாம். கவனியுங்கள், ஒரு நாளுக்குரிய 7 மணி 45 நிமிடம் அப்படியே இருந்தது. நாளின் தொடக்கமும் முடிவும் மட்டும் நகர்ந்தன. நாட்களின் எண்ணிக்கையில் கைவைக்கவில்லை.

மூன்றாவதை எல்லோரும் மறந்திருக்க மாட்டோம். 2022 ஜூனில், எரிபொருள் வரிசை தெருவளைவு தாண்டி நின்ற காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியருக்கு விடுமுறை என்று அமைச்சரவை மூன்று மாதத்துக்குத் தீர்மானித்தது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். வைத்தியசாலை, மின்சாரம், நீர், பாதுகாப்பு போன்ற அத்தியாவசிய சேவைகள் அதற்குள் வரவில்லை. உங்கள் கந்தோரில் யாராவது ‘அப்ப செய்ததுதானே’ என்று இதைக் காட்டினால், இரண்டு விடயத்தைச் சொல்லுங்கள். அது வேலையைச் சுருக்கி அடுக்கிய ஏற்பாடு இல்லை, வெறும் விடுமுறை. மற்ற நாலு நாளிலும் ஒரு நிமிடம் கூடக் கூட்டவில்லை, சம்பளமும் குறையவில்லை. அடுத்தது, அது தற்காலிகமானது, பிறகு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கப்பட்ட சுற்றறிக்கையை வைத்து இன்றைக்கு ஒரு நாளும் வீட்டில் நிற்க முடியாது.

ஒரு சுற்றறிக்கையால் வந்தது இன்னொரு சுற்றறிக்கையால் போய்விடும் என்பதையும் அதில் பார்த்தோம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரச ஊழியர் ஒரு நாளில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் மேலதிக நேரக் கொடுப்பனவு என்று சட்டத்திலேயே இருந்தது. பத்து மணித்தியால நாளை அனுமதிக்க அந்தச் சட்டத்துக்கே விலக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 1982இல் தனிச் சட்டம் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குரிய 80 மணித்தியாலத்தைப் பத்து நாளுக்கும் குறைவாக முடிக்கலாம் என்பது அதன் சாரம். பிலிப்பைன்ஸில் சிவில் சேவை ஆணைக்குழு 2022இல் சுற்றறிக்கை விட்டு, அந்த வரையறைக்குள் திணைக்களத் தலைவரே சுருக்கிய வாரத்தைத் தெரிவுசெய்யலாம் என்று விட்டது. உங்கள் மேலதிகாரிக்கு இல்லாத அதிகாரம் மணிலாவில் ஒரு திணைக்களத் தலைவருக்கு இருப்பது இப்படித்தான். ஆணைக்குழு எழுத்தில் கையளித்திருக்கிறது.

சரி, கணக்கைப் பார்ப்போம். உங்கள் கேள்வியில் ‘மணித்தியாலம் குறையவில்லை’ என்பதுதான் அடிக்கல். 8.30 முதல் 4.15 வரை 7 மணி 45 நிமிடம். மதியச் சாப்பாட்டு அரை மணியைக் கழித்தால் 7 மணி 15 நிமிடம். ஐந்து நாளுக்கு 36 மணி 15 நிமிடம். நாலாக வகுத்தால் ஒரு நாளுக்கு 9 மணி 4 நிமிடம் அளவில் வரும், சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்தால் 9 மணி 34 நிமிடம். காலை 7.30க்குத் தொடங்கினால் மாலை 5.04க்கு எழும்பலாம். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது.

வில்லங்கம் லீவில் தொடங்குகிறது. நமக்கு லீவு நாள் கணக்கில் இருக்கிறது, மணிக் கணக்கில் இல்லை. அமைய லீவு 21, ஓய்வு லீவு 24, மொத்தம் 45 நாள். அந்த ஒரு நாள் என்பது 7 மணி 15 நிமிடம் என்ற எடுகோளில்தான் இந்தக் கட்டடமே நிற்கிறது. நாள் ஒன்பது மணித்தியாலமானால், அதே 45 நாளில் நீங்கள் பழைய கணக்கில் 56 நாளுக்குக் கிட்ட லீவு எடுக்கிறீர்கள். சமமாக வைக்கவேண்டுமென்றால் லீவை 36 நாளாகக் குறைக்கவேண்டும். உங்கள் தொழிற்சங்கம் அதற்குச் சம்மதிக்குமா? அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அங்கே லீவு சேர்வதே மணிக் கணக்கில்தான்.

பௌர்ணமி விடுமுறையான போயாவையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ போயா வரும். செவ்வாயில் வந்தால் உங்களுக்கு ஒன்பது மணித்தியாலம் லாபம். வெள்ளியில் வந்தால், ஏற்கெனவே வீட்டில் நிற்கிற நாள், ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக வியாழன் தரவேண்டுமா? பொங்கல், தீபாவளி, புத்தாண்டு எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். அரை நாள் லீவு எத்தனை மணிக்கு முடியும், மாதத்துக்கு இரண்டு குறுகிய லீவு எத்தனை நிமிடம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உள்ள நேரச் சலுகையை ஒன்பதரை மணித்தியால நாளில் எப்படிக் கழிப்பது, ஓ.ரி. (மேலதிக நேரம்) 4.15க்குத் தொடங்குமா 5.04க்குத் தொடங்குமா. சுற்றறிக்கை ஒன்று வருவதென்றால் இவை எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கவேண்டும். ஒரு கந்தோர் தன் பாட்டுக்கு இவற்றைத் தீர்மானிக்கலாம் என்று நினைப்பது சரிவராது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தொடங்கிவிட்டால் என்ன நடக்கும்? நான் ஊழியர் வரவு, லீவு பார்க்கும் தாபனக் கிளையில் இருந்தவன், ஆகையால் மாத முடிவில்தான் என் கண் போகும். பெருவிரல் மெசினில் இருந்து எடுக்கும் பிரின்ட்அவுட்டில் திங்கள் முதல் வியாழன் வரை 7.26, 7.31, 5.06 என்று எண்கள் நிற்கும். வெள்ளிக்கிழமைக் கட்டங்கள் மேலிருந்து கீழ்வரை வெறுமை. பக்கத்தில் லீவுப் பதிவேட்டைத் திறந்தால் அந்த வெள்ளிகளுக்கு ஒரு விண்ணப்பமும் இல்லை. சம்பளப் பட்டியலில் முழு மாதச் சம்பளம். கணக்காய்வாளருக்கு இதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. அவருடைய கண்ணில் அது ‘அனுமதியின்றி வராத நாட்களுக்குச் சம்பளம்’. நீங்கள் மற்ற நாட்களில் கூட நின்ற நேரம் அனுமதிக்கப்படாத நேரம், ஆகவே அதை எதிர்ப்பக்கத்தில் வைத்துச் சரிக்கட்ட முடியாது. வினா முதலில் போவது வரவை உறுதிப்படுத்தி ஒப்பம் வைத்தவருக்கு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, அலட்சியத்தால் அரசுக்கு நட்டம் வந்தால் பொறுப்பானவரிடம் மிகைக்கட்டணமாக அறவிடவும் வழியுண்டு. உங்களிடமிருந்தும் ஒவ்வொரு வெள்ளிக்கும் லீவைக் கழிப்பார்கள், லீவு இல்லாவிட்டால் சம்பளத்தில் கைவைப்பார்கள்.

விபத்து இன்னொன்று. மாலை 4.45க்கு மேல்மாடிப் படியில் வழுக்கி விழுந்தவர் கடமையில் இருந்தாரா? அவர் இருந்தது உண்மைதான். எழுத்தில் அவர் அரை மணித்தியாலத்துக்கு முன்பே கந்தோரை விட்டுப் போயிருக்கவேண்டியவர். இழப்பீட்டுக் கோவையில் எழுத்துத்தான் பேசும்.

மாகாண சேவையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விலகிய பாதை. யாழ்ப்பாணத்தில் இது முக்கியம், ஏனென்றால் ஒரே தெருவில் இரண்டு அரசாங்கமும் இருக்கின்றன. மாவட்டச் செயலகமும் 15 பிரதேச செயலகங்களும் விதானைமாரும் (கிராம அலுவலர்) யாழ் போதனா வைத்தியசாலையும் மத்திக்குரியவை. பெரும்பாலான பாடசாலை ஆசிரியரும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளும் மாகாணத்துக்குரியவை. பிரதேச சபைகளும் மாகாண நிருவாகத்தின் கீழ்தான் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு மாகாண அரச சேவை பற்றிய விடயங்களை ஆளுநரிடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே பிரிவு, ஆட்சேர்ப்புத் திட்டம், நடத்தைக் கோவை போன்றவற்றில் இயன்றவரை மத்தியில் உள்ளதைப் பின்பற்றச் சொல்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆளுநர் தனித்தே இயங்குகிறார். வாதத்துக்கு, வட மாகாணம் மட்டும் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கலாமா என்றால், கதவு முழுதாக மூடவில்லை என்பது என் அபிப்பிராயம். நடைமுறையில், மத்தியின் சுற்றறிக்கை வராமல் பிரதம செயலாளர் ஒருவர் அந்தக் கோவையில் கையொப்பம் வைப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

பொதுமக்கள் பக்கத்தையும் பார்க்கவேண்டும், உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. மருதங்கேணிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவரும், நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி வருபவரும் வெள்ளிக்கிழமை கதவு பூட்டியிருந்தால் ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு மினக்கெட்டு வந்தவரிடம் ‘நாங்கள் நேற்று ஐந்து மணிவரை நின்றோம்’ என்று சொல்லிப் பயனில்லை. மற்றப் பிரதேசங்களில் கிடைக்கும் சேவை தனக்கு மட்டும் ஒரு நாள் குறைவு என்று அவர் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ்ச் சமத்துவத்தைக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம், ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அவ்வளவு தூரம் போகாமலே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு, ‘வெள்ளிக்கிழமை மூட எந்தச் சுற்றறிக்கை அனுமதித்தது, பிரதி தரவும்’ என்று கேட்டாலே போதும். காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதுதான் நடந்தது. 2008 ஓகஸ்டில் ஆளுநர் ஹன்ட்ஸ்மன் அரச ஊழியரை நாலு நாள், நாளுக்குப் பத்து மணித்தியாலம் என்று மாற்றி வெள்ளிக்கிழமை கந்தோர்களை மூடினார். ஊழியர் பலருக்குப் பிடித்திருந்தது. மின்சாரச் செலவில் எதிர்பார்த்த அளவு மிச்சம் வரவில்லை, வெள்ளி பூட்டியிருக்கிறது என்று மக்கள் முறையிட்டார்கள். 2011இல் சட்டமன்றமே அதை முடித்துவைத்தது.

இவ்வளவும் சொன்னதால் நான் இதற்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் வீடும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலையுமாக, விடியற்காலை இருட்டில் ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயணம் மிச்சம் என்பது பெரிய விடயம், காசிலும் உடம்பிலும். தீவுப்பகுதிகளில் சில இடங்களில் ஏற்கெனவே படகு நேரத்தை வைத்துத்தான் கடமை நேரம் ஓடுகிறது, எழுத்தில் இல்லாமல். அதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் உத்தியோகத்தருக்கும் பாதுகாப்பு, மக்களுக்கும் எந்த நாளில் யார் இருப்பார் என்பது தெரியும். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் தாய்க்கு 7.30 என்பது தண்டனை. வெள்ளியில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அவர் மட்டும் வீட்டில். எல்லாருக்கும் ஒரே அச்சில் இதை வார்க்க முடியாது என்பதாலேயே, பாதிப் பேர் திங்களும் பாதிப் பேர் வெள்ளியும் நிற்காத சுழற்சி முறைதான் கொஞ்சமாவது ஏற்கப்படக்கூடியது என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் கந்தோர் ஐந்து நாளும் திறந்திருக்கும், காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் முக்கால் மணித்தியாலமும் கூடவே திறந்திருக்கும். வேலைக்குப் போகிற மக்களுக்கு அதில் நன்மையும் உண்டு.

ஆகவே ஒப்பம் வைத்த அந்தக் கடிதத்தைக் கிழிக்காதீர்கள், முகவரியை மாற்றுங்கள். உங்கள் பிரதேச செயலாளர் ஊடாக அரசாங்க அதிபருக்கு, அங்கிருந்து அரச நிருவாகத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கு. ‘அனுமதி தரவும்’ என்று ஒரு வரியில் எழுதாமல், ஆறு மாதப் பரீட்சார்த்தம் என்று கேளுங்கள். பத்தரமுல்லை நெகிழ்வு நேரத்தைக் காட்டுங்கள். எந்த நாளிலும் எந்தக் கிளையிலும் குறைந்தது இத்தனை பேர் இருப்பர் என்ற சுழற்சி அட்டவணையை இணையுங்கள். லீவை மணியில் கணக்கிடும் முறை ஒன்றையும் நீங்களே முன்வையுங்கள், கொழும்பில் இருப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். தொழிற்சங்கம் ஊடாகவும் ஒரு பிரதி போகட்டும். பதில் எழுத்தில் வரும்வரை வெள்ளிக்கிழமையும் 8.30க்கு விரலை வையுங்கள். அவசரத் தேவையுள்ளவர் இருக்கிற லீவை எடுக்கட்டும், அதற்குத்தானே அது.

இனி உங்கள் கணவர் விடயம். அவருக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அங்கே மேலதிகாரியின் விருப்பத்துக்குத்தான் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், இரண்டில் எதைத் தாண்டினாலும் மேலதிக நேரம். பத்து மணித்தியாலப்படி நாலு நாள் என்றால் வாரத்துக்கு 40தான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் எட்டுக்கு மேல் போகும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். ‘வாரக் கணக்கில் குறைவுதானே’ என்று நிறுவனம் சொன்னால் அது எடுபடாது. யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்களக் கந்தோரில் ஒரு முறைப்பாட்டோடு அந்த நிலுவையைக் கேட்கலாம், சம்பளச் சீட்டும் வரவுப் பதிவின் பிரதியும் கையில் இருந்தால் நல்லது.